கொழுந்தனாரின் ஆசிட் பாட்டில்

கபடியில் கோப்பை வாங்கினவர் மாதிரி என் கொழுந்தனார் குமரேசன் அந்த பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். கக்கூஸ் கழுவுகிற ஆசிட். கணியம்பாடியில் கிளம்பி, பஸ் மாறி மாறி மலையேறி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே என் சமையலறைக்குள் நுழைந்துவிட்டார்.

"இத்த ஊத்தினா போதும் அண்ணி. இரும்பையே கரைக்கும். உங்க வூட்டு அடைப்பு இன்னா பெரிய கோட்டையா?" என்றார்.

மார்கழிக் காலை. ஜவ்வாது மலையில் அந்த நேரத்துக்குப் பனி ஜன்னல் வரை வந்து நிற்கும். அதனால் ஜன்னலைச் சாத்தியிருந்தோம். சிங்க்கில் இரண்டு நாளாகத் தண்ணீர் இறங்காமல் கலங்கி நின்றது. புளித்த கஞ்சி வாடையோடு கொஞ்சம் தேன் வாடையும் அடித்தது.

என் வீட்டுக்காரர் தம்பிக்குப் பின்னால் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். தம்பி எதைச் சொன்னாலும் தலையாட்டுவது இவருக்குப் பிறவிக் குணம். கல்யாணம் ஆன புதிதில் அதைப் பாசம் என்று நினைத்தேன். போகப் போகத்தான் தெரிந்தது, சொந்தமாக யோசிக்கச் சோம்பல்.

"தம்பி, பாட்டில் மேல இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"போன்ல வீடியோவே பாத்துட்டேன் அண்ணி. அதுக்கு மேல இன்னா படிக்கிறது?"

இப்படிப்பட்டவரிடம் பேசிப் பயனில்லை. அந்த சிங்க்கு எப்படி அடைத்தது, அதைத் திறக்க ஏன் கணியம்பாடியிலிருந்து ஒரு மேதை வரவேண்டியிருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாதி நுரையீரல்

என் வீட்டுக்காரர் பெயர் சிவலிங்கம். கரண்ட் ஆபீஸில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் இவருக்குக் காசநோய் வந்தது. மாத்திரையை ஒரு வேளை விடாமல் விழுங்க வைத்தேன். நோய் போயிற்று. ஆனால் போகும்போது வலப்பக்க நுரையீரலைச் சுருக்கிவிட்டுப் போயிற்று.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "இருக்கறத வெச்சி ஓட்டணும்மா. புகை, தூசு, நெடி எதுவும் ஆகாது" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது என் காவல் வேலை. வீட்டில் கொசுவர்த்தி கிடையாது. ஊதுவத்தி கிடையாது. மிளகாய் தாளிக்க வேண்டுமென்றால் இவரை வாசலுக்கு அனுப்பிவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பேன். ஓய்வு பெற்றதும் இவர் முன்பு வேலை பார்த்த இந்த மலைக்கே வந்து ஒரு சின்ன வீடு கட்டினோம். கீழே லாரிப் புகை. இங்கே அது இல்லை. இவருடைய மூச்சுக்காகக் கட்டின வீடு இது. இவரும் இவர் தம்பியும் அதே வீட்டுக்குள் அந்த மூச்சுக்கு உலை வைத்தார்கள்.

தேன் வியாபாரி

மலைக்கு வந்ததும் சும்மா இருந்தாரா? தேன் வியாபாரி ஆனார். மலைக்காரர்கள் கொண்டுவரும் தேனடையை வாங்கி, துணியில் வடிகட்டி, கீழே உள்ள சொந்தக்காரர்களுக்கு பாட்டிலில் அனுப்புவார். மிஞ்சின அடையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு மெழுகு எடுப்பார். அதுவரைக்கும் குற்றமில்லை.

அந்தப் பாத்திரத்தைக் கழுவுகிற விதத்தில்தான் வினை. மெழுகு ஒட்டின குண்டானில் மறுபடி வெந்நீரை ஊற்றிச் சுழற்றி, என் சிங்க்கில் கவிழ்ப்பார்.

"ஏங்க, மெழுகுங்க அது. குழாய்ல போய் நின்னுக்கும்."

"வெந்நீர்ல உருகித்தானே போவுது? உருகினது எப்பிடி நிக்கும்? உனுக்கு ஒண்ணும் தெர்ல, வுடு."

வெந்நீர் குழாய்க்குள் போனபிறகும் வெந்நீராகவே இருக்குமா? மார்கழியில் இந்த மலையில் அடுப்பில் இருக்கிற குழம்பே ஆடை கட்டும். சிங்க்குக்கு அடியில் வளைகிற குழாயில் தண்ணீர் ஆறும், மெழுகு பிடிக்கும். அடுத்த தடவை அதன் மேல் இன்னொரு பூச்சு. அதில் சாமைக் கஞ்சியும் புளி நாரும் போய் ஒட்டிக்கொள்ளும். வயர்மேனாக எத்தனையோ கம்பம் ஏறின மனுஷனுக்கு இது மட்டும் புரியவில்லை.

அடைத்துக்கொண்டதும் பழி யார் மேல்? என் தலைமுடி மேல். என் தலையில் இப்போது இருக்கிற முடியைக் கொண்டு ஒரு குழாயை அடைக்க முடியுமென்றால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

வீடு கட்டின மேஸ்திரியையும் இங்கே சொல்ல வேண்டும். தண்ணீர் மேட்டை நோக்கி ஓடும் என்று நம்பின ஒரே மனிதர் அவர். சமையலறைக் குழாயை வெளியே வாழைக்குக் கொண்டுபோகிற இடத்தில் சரிவு வாட்டத்தை மாற்றி வைத்துவிட்டார். குடிவருவதற்கு முன்பே சண்டை போட்டு இடித்துத் திருப்பி வைக்கச் செய்தேன். இடிக்கும்போதும், "தண்ணி தானா போய்டும்மா" என்று சொல்லிக்கொண்டேதான் இடித்தார்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணாமலை ஜீப் ஓட்டுகிறவர். அவர் வீட்டிலும் புதிதாக சிங்க்கு வைத்தார்கள். அதில் கோழி உட்கார்ந்து முட்டை வைக்கிறது. பாத்திரமெல்லாம் எப்போதும்போல வெளியே வாழையடியில்தான் கழுவுகிறார்கள். அவர்கள் வீட்டில் இன்றுவரை அடைப்பு என்ற பேச்சே எழுந்ததில்லை.

தொடக்கூடாத நட்டு

சிங்க்குக்கு அடியில் குனிந்து பாருங்கள். வளைந்த குழாய் ஒன்று இருக்கும். அதன் இரண்டு முனையிலும் பெரிய பிளாஸ்டிக் நட்டு. ஸ்பேனர்கூட வேண்டாம், கையால் திருகினால் கழலும். கீழே ஒரு பக்கெட்டை வைத்துக்கொண்டு கழற்றி, உள்ளே இருப்பதை வெளியே தள்ளி, கழுவி, திரும்ப மாட்ட வேண்டியது. ஒரு சட்டைக்கு பட்டன் தைக்கிற நேரம்தான் ஆகும்.

தண்ணீர் நின்ற முதல் நாளே பக்கெட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இவர் ஓடிவந்து என் தோளைப் பிடித்து எழுப்பினார்.

"ஏ, இன்னா பண்றே நீ? அதெல்லாம் நம்ம தொடற வேலையா? யாராச்சும் பாத்தா இன்னா நெனைப்பாங்க?"

யார் பார்ப்பார்கள்? அண்ணாமலை வீட்டுக் கோழி பார்க்கும்.

எங்கள் ஆட்களுடைய இந்தக் கிறுக்கை நான் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். கணியம்பாடியில் எங்கள் வீட்டுப் பின்பக்கச் சாக்கடை மழைக்காலத்தில் தேங்கும். வீட்டில் தடித்தடியாக ஆண்கள் இருப்பார்கள். ஒருவர் கை நீட்டமாட்டார். ஊரின் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரை வரச்சொல்லுவார்கள். அவர் வெறுங்கையை விட்டு அள்ளிப் போடுவார். எங்கள் பெரியப்பா மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு தூர நின்று, "அங்க இன்னும் கீது பாரு" என்று விரலால் காட்டுவார். அள்ளினவர் குடிக்கத் தண்ணீர் கேட்டால் உயரத் தூக்கி ஊற்றுவார்கள். அவர் பெயர் என்ன என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வெட்கம்கெட்ட வீடு அது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

இங்கே இருப்பது சாக்கடைகூட இல்லை. காலையில் நாங்களே குடித்த கஞ்சி, நாங்களே சாப்பிட்ட தட்டைக் கழுவின தண்ணீர். தட்டில் இருக்கும்வரை அன்னம். சிங்க்கு ஓட்டையைத் தாண்டினதும் அதற்கு வேறு ஜாதி வந்துவிடுகிறது.

இவர் அண்ணாமலையிடம் போய், "கொழா அடைப்பு எடுக்க ஆளு கெடைப்பானா?" என்று கேட்டிருக்கிறார்.

"கஞ்சித்தண்ணி போற கொழாய்க்கு ஆளாங்க?" என்று அண்ணாமலை சிரித்திருக்கிறார். இவருக்கு அது அவமானமாகிவிட்டது. அன்று சாயங்காலம், குடிதண்ணீர்த் தொட்டி கழுவ வைத்திருந்த ப்ளீச்சிங் பவுடரை எனக்குத் தெரியாமல் அள்ளி சிங்க்கில் கொட்டினார். அதுவும் வேலைக்கு ஆகவில்லை. உடனே தம்பிக்கு போன். நட்டைத் தொடக்கூடாது என்பதற்காக எதை வேண்டுமானாலும் கொட்டத் தயாராக இருந்தார்கள் அண்ணனும் தம்பியும்.

கதவைச் சாத்தினவர்

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன்.

வீடியோ பார்த்த மேதையோடு வாதாடாமல், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வாசலுக்குப் போனேன். வாளியைக் கீழே வைத்திருக்கமாட்டேன், உள்ளே இருமல் கேட்டது. நான் பல வருஷமாகக் காது கொடுத்துக் கேட்டுப் பழகின இருமல் அது இல்லை. இது அடித்தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

குமரேசன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார். வந்தவர் சமையலறைக் கதவைத் தனக்குப் பின்னால் இழுத்துச் சாத்தியிருந்தார்.

"அவுரு எங்க?"

"உள்ள கீறாரு அண்ணி. நெடி வூடெல்லாம் பரவிடும்னு கதவ சாத்திட்டு வந்தேன்."

இதைப் படிக்கிறவர்கள் இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள். பாதி நுரையீரல் உள்ள அண்ணன் உள்ளே. நெடி பரவக்கூடாதென்று கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார் தம்பி.

அடுப்பு மேடை பின்கதவுப் பக்கம் என்பதால் கொல்லைப்புறம் சுற்றி ஓடினேன். பின்கதவு உள்ளே தாழ் போடாமல் இருந்தது. அதைத் தள்ளித் திறந்ததும் கண்ணில் முள் குத்தினது போல எரிந்தது. சிங்க்குக்கு மேலே மஞ்சளாகப் புகை. அது மேலே எழும்பாமல் தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. இவர் அடுப்பு மேடைக்குக் கீழே மண்டி போட்டபடி, கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு போய், சட்டைக் காலரைப் பற்றி இழுத்து வெளியே போட்டேன். அப்படி உள்ளே போனதற்குப் பிற்பாடு டாக்டர் என்னைத் திட்டினார். கதவைத் திறந்துவிட்டு, வெளியே நின்று ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டுமாம். நானும் விழுந்திருந்தால் இரண்டு பேரையும் யார் இழுப்பார்கள் என்று கேட்டார். நியாயம்தான். நீங்கள் டாக்டர் சொன்னபடியே செய்யுங்கள்.

காற்று வருகிற பக்கமாக இவரை உட்கார வைத்து, முகத்திலும் கண்ணிலும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். மூச்சு உள்ளே போகும்போது ஊதல் மாதிரி கேட்டது. உதடு நிறம் மாறியது.

"பாலு குடுங்க அண்ணி. வெங்காயம் நசுக்கி மோந்து பாக்கச் சொல்லுங்க" என்று குமரேசன் தூர நின்று வைத்தியம் சொன்னார்.

"வாய மூடு" என்றேன். கொழுந்தனாரை நான் ஒருமையில் பேசினது அதுதான் முதல் தடவை.

அண்ணாமலையின் ஜீப்பில் சவாரிக்காக ஏறியிருந்த ஜனங்கள் ஒரு வார்த்தை கேட்காமல் இறங்கி வழிவிட்டார்கள். இவரைப் படுக்க வைக்காமல், என் மேல் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டேன். இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் இவர் தலை என் தோளில் மோதியது. ஒவ்வொரு வளைவுக்கும் மனசுக்குள் இவரை ஒரு தடவை திட்டினேன், ஒரு தடவை கும்பிட்டேன். அவ்வளவு பயம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் வந்ததில்லை. எத்தனை வருஷமாகக் கொசுவர்த்திப் புகைகூடப் படாமல் பொத்திப் பொத்தி வைத்த மூச்சு! அது என் கழுத்தில் படுகிறதா, படுகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

மூடி போட்டவரின் விரல்

கீழே ஆஸ்பத்திரியில் மூக்கிலும் வாயிலும் மூடி போட்டு ஆக்ஸிஜன் வைத்தார்கள். "எதை எதைக் கலந்தீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"கலக்கவே இல்ல சார். சும்மா ஆசிட்டு ஒண்ணுதான் ஊத்துனோம்" என்றார் குமரேசன்.

மூடி போட்டிருந்த இவர் விரலை ஆட்டினார். இல்லை என்று காட்டி, எதையோ அள்ளித் தூவுகிற மாதிரி கையை அசைத்தார். அப்போதுதான் எனக்கு ப்ளீச்சிங் பவுடர் விஷயம் தெரிந்தது. டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ப்ளீச்சிங் பவுடர் இருக்கிற இடத்தில் ஆசிட் பட்டால் விஷவாயுதான் கிளம்பும், நல்ல நுரையீரலே தாங்காது என்றார்.

பிழைத்தார். ஆனால் முழுசாகத் திரும்பி வரவில்லை. முன்பு தேனடை பார்க்க மேட்டுக்கு நடந்து போவார். இப்போது மாட்டுக் கொட்டகை வரை போனாலே நின்று மூச்சு வாங்குகிறார். ஒரு வாக்கியத்தை நடுவில் நிறுத்தித்தான் சொல்லி முடிக்க முடிகிறது.

பக்கெட்டும் நானும்

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணாமலையின் ஜீப்பில் திரும்பினபோது குமரேசனும் கூடவே வந்தார். வீட்டுக்கு வந்ததும் இவரை வாசலில் காற்றாட உட்கார வைத்தேன். அண்ணாமலை வீட்டார் திறந்துவிட்டிருந்த சமையலறை ஜன்னலும் இரண்டு கதவும் நாங்கள் போன நாளிலிருந்து திறந்தே கிடந்தன. நெடி இல்லை. சிங்க்கில் அதே தண்ணீர் அப்படியே நின்றது.

முழங்கை வரை ரப்பர் கிளவுஸ் போட்டுக்கொண்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். சிங்க்கில் நிறையத் தண்ணீரை மெதுவாகச் சேர்த்து, பிளாஸ்டிக் குவளையால் தெறிக்காமல் மொண்டு, தூரத்தில் வெட்டின குழியில் கொண்டுபோய்க் கொட்டினேன். சிங்க்கு காலியானதும் அடியில் பக்கெட்டை வைத்து நட்டைத் திருகினேன்.

குழாய் கையோடு வந்தது. குச்சியால் தள்ளினேன். உள்ளேயிருந்து மெழுகு ஒரே கட்டியாக, குழாய் வளைந்த மாதிரியே வளைந்து வெளியே விழுந்தது. ஆசிட் அதைத் தொடக்கூட இல்லை. இரும்பைக் கரைக்கிற ஆசிட்! இவருடைய மூச்சைக் கரைத்தது, மெழுகை விட்டுவிட்டது.

அதை ஒரு தட்டில் வைத்து வாசலுக்குக் கொண்டுபோய் இவருக்குக் காட்டினேன். இவர் பார்த்தார். குமரேசன் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து என் சமையலறையில் நான் சொல்வதுதான். குழாய் வாயில் சல்லடை. எண்ணெய்ப் பாத்திரத்தை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும். மெழுகுப் பாத்திரத்துக்கு வாழையடி. அவ்வப்போது நட்டைக் கழற்றி ஒரு கழுவல். போனில் எலுமிச்சம்பழமும் சோடா உப்பும் போட்டுப் பொங்க வைத்துக் காட்டுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆசிட் எதுவும் வாசல் தாண்டாது. யார் கொண்டுவந்தாலும் சரி.

கேழ்வரகுக் களி

கிளவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவினேன். பிறகு அடுப்பைப் பற்ற வைத்துக் கேழ்வரகுக் களி கிளறினேன். கையில் தண்ணீர் தொட்டு உருட்டி இவர் தட்டில் ஓர் உருண்டை வைத்தேன், கீரைக் குழம்பு ஊற்றினேன். அடுத்த உருண்டையை உருட்டிக் குமரேசன் தட்டுக்குக் கொண்டுபோனேன்.

அவர் பார்வை என் கையிலேயே இருந்தது.

"வேணாம் அண்ணி. வயிறு திம்முனு கீது" என்றார். காலையிலிருந்து அவர் ஒரு டீ தவிர எதுவும் சாப்பிடவில்லை. ஜீப்பில் பசி பசி என்று சொல்லிக்கொண்டே வந்தவர்.

உருண்டை என் கையிலேயே நின்றது. சுட்டது. இவர் வழக்கம்போல தலையாட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

இவர் தலையாட்டவில்லை. தம்பியைப் பார்த்தார். மூச்சை இழுத்துக்கொண்டார்.

"நீ கதவ… சாத்தினு போன. இந்தக் கையிதான்… என்ன இழுத்தாந்துது." அதற்குமேல் மூச்சு இடம் கொடுக்கவில்லை. பிறகு தன் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "அதையும் எனுக்கே போடு."

போட்டேன். இரண்டையும் மெதுவாக, நின்று நின்று, முழுசாகச் சாப்பிட்டார். இவ்வளவு வருஷத்தில் தம்பியை எதிர்த்து இவர் பேசின முதல் பேச்சு அது. பேச மூச்சு இருந்த காலமெல்லாம் பேசாமல் இருந்துவிட்டார் என்று எனக்கு அழுகை வந்தது. அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

கீழே போகிற பஸ் சாயங்காலம்தான். குமரேசன் அதுவரை வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தார். சட்டியில் இன்னும் களி இருந்தது. விருந்தாளி முதலில் வேண்டாம் என்றால் மறுபடி மறுபடி கேட்டுப் போடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். நான் கேட்கவில்லை.